யாகர் ஓம்ஸ்க் போகாமல் இருந்திருந்தால்?

கோல்கணக்கு:
செக் வீரர் யரோமிர் யாகர், வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் 1733 ஆட்டங்களில் 766 கோல், 1155 அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த பாஸ்), ஆக 1921 புள்ளிகள் எடுத்தவர். புள்ளிப் பட்டியலில் அவருக்கு மேலே இருப்பது 2857 எடுத்த கிரெட்ஸ்கி மட்டும்தான். அப்படிப்பட்டவர் 2008 முதல் 2011 வரை மூன்று சீசன்களை சைபீரியாவில், ஓம்ஸ்க் நகர அவன்கார்ட் அணியில் கழித்தார். 2000 புள்ளிக்கு 79 குறைவு. கோர்டி ஹோவின் 801 கோலுக்கு 35 குறைவு. அந்த மூன்று சீசன் கையில் இருந்திருந்தால் இரண்டையும் தாண்டியிருப்பார். பணத்துக்காகச் சாதனையைக் கோட்டைவிட்டார் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பனிக்கரடி:
வந்தாச்சு. கணக்கெல்லாம் சரி, கால்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. நியூயார்க் ரேஞ்சர்ஸுக்காக 2005-06-இல் 123 புள்ளி, 2007-08-இல் 71. வயது 36. என்.எச்.எல். சீசனுக்கு 82 ஆட்டம், அவன்கார்ட் ஆடிய ரஷ்ய லீகான அப்போதைய கே.எச்.எல்.லில் 56தான். அந்த ஓய்வுதான் அவரைக் காப்பாற்றியது. 39 வயதில் பிலடெல்பியா வந்து 54 புள்ளி, நியூ ஜெர்சியில் 42-ஐத் தொட்ட சீசனில் 67, புளோரிடாவில் 44-ஐத் தொட்ட சீசனில் 66. தேய்ந்துபோன ஆள் எடுக்கிற புள்ளியா இது?

கோல்கணக்கு:
காப்பாற்றியது ஓய்வு இல்லை நண்பரே, பயிற்சி வெறி. எடை வைத்த மேலங்கியை மாட்டிக்கொண்டு ராத்திரியில் தனியாகப் பனியில் இறங்குகிற ஆள் அவர். நியூயார்க்கில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். ஆட்டமும் வேகத்தை மட்டும் நம்பியதில்லை. தடுப்பாட்டக்காரரை முதுகால் மறித்து, பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) மட்டையின் நுனியில் எட்டாத தூரத்தில் வைத்துக்கொள்வார். இது 36 வயதில் மறந்துபோகிற வித்தையா?

பழையசோறு:
ஒரு சின்ன சந்தேகம். 1968-இல் சோவியத் டாங்குகள் பிராகுக்குள் வந்ததை நினைவில் வைத்து 68-ஆம் எண் சட்டை போட்டவர், ரஷ்யாவுக்கே ஆடப் போனார் என்றால் இடிக்கவில்லையா?

மேல்வரிசை:
இடிக்காது. அவர் எதிர்த்தது படை அனுப்பிய அரசை. அவரே ஆர்த்தடாக்ஸ் ஞானஸ்நானம் பெற்றவர். ரஷ்யர்கள்மேல் அவருக்குப் பகை இருந்ததில்லை.

நீங்கள் எல்லோருமே என்.எச்.எல்.லைச் சொந்த வீடாகவும் ஓம்ஸ்கை வெளிநாடாகவும் வைத்துப் பேசுகிறீர்கள். செக் நாட்டுக் கிளாட்னோவில் பிறந்தவருக்கு இரண்டுமே வெளிநாடுதான். 1980-இல் செக்கோஸ்லோவாக்கிய வீரர் பீட்டர் ஸ்டாஸ்ட்னி கனடாவுக்குத் தப்பித்தான் போக வேண்டியிருந்தது. 1989-இல் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்ததால் யாகர் 18 வயதில் நேர்வழியாகவே என்.எச்.எல்.லின் பிட்ஸ்பர்க் அணிக்குப் போனார். ஆங்கிலம் தெரியாமல், வீட்டு நினைப்பிலேயே வாடினார். பேச்சுத்துணைக்கு ஆகட்டும் என்று அந்த டிசம்பரில் கால்கரி அணியிலிருந்து செக் வீரர் யிர்ஜி ஹிர்டினாவை வாங்கினார்கள். அந்த சீசனே என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பை!

ஓம்ஸ்கும் அவருக்குப் புது இடம் இல்லை. 2004-05 கதவடைப்பில் (சம்பளத் தகராறில் என்.எச்.எல். அணி முதலாளிகள் சீசனை நிறுத்தியபோது) முதலில் கிளாட்னோ, பிறகு அங்கேதான் ஆடினார். 2008-இல் போன இடத்தில் உல்லாசமாகவும் இருக்கவில்லை. அந்த அக்டோபரில் செகோவ் நகரில் நடந்த ஆட்டத்தில், அவரது அணியின் 19 வயது அலெக்ஸி செரெபனோவ் பெஞ்சில் அவர் பக்கத்திலேயே சரிந்து விழுந்து இறந்துபோனார். ஆம்புலன்ஸ் அதற்குள் கிளம்பிப் போயிருந்தது. முந்தின ஆண்டு ரேஞ்சர்ஸ் இளம் வீரர் தேர்வின் (டிராஃப்ட்) முதல் சுற்றில் எடுத்த பையன். அதற்குப் பிறகும் யாகர் அங்கே மூன்று சீசனையும் ஆடி முடித்தார். பணம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. பணத்தை மட்டும் பார்த்தவர் என்பதைத்தான் ஏற்க மாட்டேன்.

79 புள்ளியை ஓம்ஸ்க் தலையில் கட்டுமுன் கதவடைப்புகளையும் பாருங்கள். 2004-05 முழுசாகப் போச்சு. 1994-95 வெறும் 48 ஆட்டமாகச் சுருங்கியது. 22 வயதில் தொடங்கிய அந்தக் குறை சீசனில் 70 புள்ளியோடு, அதிகப் புள்ளி எடுத்தவருக்கான ஆர்ட் ராஸ் விருதை வென்றார். முழு சீசன் நடந்திருந்தால்?

கோல்கணக்கு:
கதவடைப்பு எல்லோருக்கும் பொது. 2004-05 ஓவெச்கினுக்கும்தான் போச்சு. அவர் வாஷிங்டனை விட்டு நகராமல் ஆடி 2025 ஏப்ரலில் 895-ஆவது கோல் அடித்து கிரெட்ஸ்கியையே தாண்டிவிட்டார்.

பனிக்கரடி:
ஓவெச்கினுக்கு அந்த எண் வேண்டும். யாகருக்கு ஆட்டம் வேண்டும், எங்கே என்பது முக்கியமில்லை. 2018 ஜனவரியில் கால்கரி அவரை விடுவித்ததும் வேறு என்.எச்.எல். அணிக்குப் போகவில்லை, இரண்டாம் நிலை லீகில் கிடந்த தானே உரிமையாளரான கிளாட்னோ அணிக்கு ஆடப் போனார்.

கோல்கணக்கு:
22 ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் அடித்த 45 வயதுக்காரரை வேறு எந்த அணி கூப்பிட்டிருக்கும்? 2008-இல் கூப்பிட ஆள் இருந்தது.