கேஸ் பைப்லைன் ஓரம் மனைப்பிரிவு: எவ்வளவு தள்ளிக் கட்டணும்?

கேள்வி: நிலத்தின் ஓரமா 24 அங்குல இயற்கை எரிவாயுக் குழாய் போகுது, அழுத்தம் 900 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு 900 பவுண்டு). குழாய்க்காக ஒதுக்கின பட்டையை மட்டும் விட்டுட்டு வீடு கட்டினா போதுமா?

பதில் 1: போதாதுங்க. அந்தப் பட்டை பழுதுபார்க்க விட்ட இடம், உயிர்ப் பாதுகாப்புத் தூரம் இல்ல. குழாய் வெடிச்சுத் தீப்பிடிச்சா வெப்பம் எட்டுற தூரத்துக்குக் கணக்கு இருக்கு: அழுத்தத்தின் (பிஎஸ்ஐ) வர்க்கமூலம் × குழாய் விட்டம் (அங்குலம்) × 0.69. உங்களுக்கு 30 × 24 × 0.69, அதாவது சுமார் 497 அடி. இன்னிக்கு மீட்டர் காட்டுற அழுத்தத்தைப் போடாதீங்க, அனுமதிச்ச உச்ச அழுத்தத்தைப் போடுங்க. பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம் இந்த வட்டத்துக்குள்ள வேண்டவே வேண்டாம். அங்க இருக்கிறவங்களைச் சட்டுனு வெளியேத்த முடியாது.

பதில் 2: பட்டையைப் புல்வெளியா விடுங்க. மரம் வெச்சா வேர் குழாயின் மேல்பூச்சைக் கிழிக்கும், அங்கதான் துரு பிடிக்கும். வெளியேற ஒரே சாலை, அதுவும் குழாயைத் தாண்டித்தான்னு அமையக் கூடாது. இன்னொண்ணு, குழாய் போற வழியைக் காட்ட நட்டிருக்கிற குறியீட்டுக் கம்பத்தை வெச்சு அளக்காதீங்க. ரெண்டு கம்பத்துக்கு நடுவுல குழாய் வளைஞ்சிருக்கலாம். குழாய் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் குறிக்கச் சொல்லி, இயந்திரம் இல்லாம கையால தோண்டிப் பார்த்து உறுதி செய்யுங்க.

பதில் 3: மேலே சொன்ன கணக்கு எரிவாயுவுக்குத்தான். பெட்ரோல், டீசல் குழாய்னா நிலத்தின் சரிவைப் பாருங்க. கசிவு மழைநீர் வடிகால்ல இறங்கினா ரொம்ப தூரம் போயிடும்.