கைமாறி வந்த மின் ஸ்கூட்டர் கிளம்பும்போது உதறுகிறது: உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். அம்மா விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போய்வர, இரண்டு மாதங்களுக்கு முன் பழைய மின் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். 60 வோல்ட், 12 வோல்ட் ஈய அமில பேட்டரிகள் ஐந்து. போன வாரம் நல்ல மழை. அதிலிருந்து, நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் மோட்டார் உறுமி உதறுகிறதே தவிர நகர மறுக்கிறது. காலால் உந்திவிட்டால் ஓடிவிடுகிறது. இருட்டில், பூக்கூடையுடன் அம்மா வண்டியை உந்துவதை நினைத்தாலே மனம் பதறுகிறது.

பேட்டரி மீது சந்தேகம் இல்லை. முழு சார்ஜில் 64 வோல்ட். ஓடும்போது ஐந்தும் ஒரேபோல 12 வோல்ட்டை ஒட்டியே நிற்கின்றன. பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் பிரேக் சுவிட்ச் இணைப்பைக் கழற்றியும் பார்த்தேன், மாற்றமில்லை.

பிறகு, மோட்டாருக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் கன்ட்ரோலர் பக்கம், ஹால் சென்சார் (சக்கர மோட்டாருக்குள் இருந்து, அது எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் மூன்று உணரிகள்) கம்பிகளை மல்டிமீட்டரால் சோதித்தேன். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் பச்சையும் நீலமும் 0, 5 வோல்ட் என மாறி மாறிக் காட்டுகின்றன. மஞ்சள் மட்டும் 5 வோல்ட்டிலேயே நிற்கிறது. சென்சார் செத்துவிட்டதா, அச்சின் வழியே வெளிவரும் இடத்தில் கம்பி அறுந்திருக்கிறதா? மோட்டாரைத் திறக்காமல் இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? பழுது பார்ப்பவர் கன்ட்ரோலரையே மாற்றச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. திறந்துதான் ஆக வேண்டுமென்றால், மூன்று சென்சார்களையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.