எந்த ‘வொயிட் கிறிஸ்துமஸ்’?

பிடித்த கிறிஸ்துமஸ் பாட்டு எது என்று கேட்டால் பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அதே பாடகர் அதே பாட்டை மூன்று நான்கு தடவை பதிவு செய்திருப்பார். நீங்கள் சொன்னதை நம்பித் தேடுகிறவர் கையில் வேறொன்று சிக்கும். அதனால் இங்கே எழுதுபவர்கள் எந்த ஒலிப்பதிவு என்று சொல்லுங்கள். எந்த ஆண்டு, எதைக் கேட்டு அடையாளம் காண்பது, எங்கே ஏமாறுவோம், பாடப்போனால் எங்கே சறுக்கும் என்பதெல்லாம் வரட்டும்.

முதலில் பிங் கிராஸ்பி. இர்விங் பெர்லினின் ‘வொயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டை அவர் 1942 மே 29 அன்று டெக்கா நிறுவனத்துக்காகப் பாடிப் பதிவு செய்தார். ஜான் ஸ்காட் டிராட்டரின் இசைக்குழு, பின்குரலுக்குக் கென் டார்பியின் குழு. தட்டுகளை அச்சடித்துத் தள்ளியதில் தாய்த்தகடு தேய்ந்துபோனது. எனவே 1947 மார்ச்சில் அதே இசைக்குழுவையும் பாடகர் குழுவையும் கூட்டி, முதல் பதிவை அச்சாகப் பின்பற்றி மறுபடி பாடினார். இன்று வானொலியிலும் கடைகளிலும் ஓடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

பிரித்தறிய முதல் சில நொடிகள் போதும். புல்லாங்குழல்களும், சிறு மணிகளைத் தட்டுவது போல ஒலிக்கும் செலஸ்டாவும் தொடக்கத்திலேயே வந்தால் அது 1947. அந்த அலங்காரம் இல்லாமல் தொடங்கினால் 1942. உறையில் போட்டிருக்கும் ஆண்டை நம்பவேண்டாம். ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்ற 12 பாட்டு லாங் பிளே 1955-இல் வந்தது, அதில் இருப்பது 1947 பதிவு. என் ஓட்டு 1942-க்கு. குரல் முன்னால் நிற்கிறது, மற்றதெல்லாம் அடங்கி இருக்கிறது.

பெர்லின் எழுதிய முன்வரிகள் இரண்டு பதிவிலும் கிடையாது. வெயிலும் பச்சைப் புல்லுமாக இருக்கும் லாஸ் ஏஞ்சலிஸில் டிசம்பர் 24 அன்று நின்றுகொண்டு பனிக்கு ஏங்குகிறார் பாடுபவர் என்று அந்த வரிகள் சொல்லும். அதைப் படித்த பிறகு பாட்டே வேறாகத் தெரியும்.

* * *

பழைய 78 சுழற்சித் தட்டாகவே கிராஸ்பியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தத் தட்டுகள் அரக்கு கலந்தவை. ஸ்பிரிட், ஆல்கஹால் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள், மேற்பரப்பு கரைந்துவிடும். வடிநீரில் ஓரிரு சொட்டு மென்மையான சோப்பு, மெல்லிய தூரிகை, பள்ளத்தின் போக்கிலேயே துடைப்பு, உடனே காயவைப்பு. நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையக்கூடாது.

ஊசியும் வேறு. லாங் பிளேக்குப் பயன்படும் ஊசி முனையின் ஆரம் ஒரு மில் அல்லது அதற்கும் குறைவு (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78 தட்டின் பள்ளம் அகலம், அதற்கு மூன்று மில் அளவு வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து அங்குள்ள தூசியை எல்லாம் வாசிக்கும். “பழைய தட்டு, இரையத்தான் செய்யும்” என்று பலர் சமாதானப்படுவதற்குக் காரணம் பல சமயம் தட்டு அல்ல, ஊசி.

* * *

நாட் கிங் கோல். ‘தி கிறிஸ்துமஸ் சாங்’ பாட்டுக்கு அவர் குரலில் நான்கு பதிவுகள் உண்டு. மெல் டார்மேயும் பாப் வெல்ஸும் 1945-இல் எழுதிய பாட்டு இது.

முதலாவது 1946 ஜூன். பியானோ, கிட்டார், பாஸ் என்று அவருடைய மூவர் குழு மட்டும். இரண்டாவது அதே ஆண்டு ஆகஸ்ட், அதே குழுவோடு வயலின்கள் சேர்ந்தன. மூன்றாவது 1953, நெல்சன் ரிடில் நடத்திய இசைக்குழுவோடு. நான்காவது 1961 மார்ச், ரால்ஃப் கார்மைக்கேல் நடத்திய பெரிய இசைக்குழுவோடு, ஸ்டீரியோவில். நீங்கள் தினம் கேட்பது நான்காவது. 1960-இல் ‘தி மேஜிக் ஆஃப் கிறிஸ்துமஸ்’ என்று வந்த தொகுப்பில் இந்தப் பாட்டே கிடையாது. 1963-இல் அதைப் பெயர் மாற்றி, ஒரு பாட்டை எடுத்துவிட்டு இதைச் சேர்த்து வெளியிட்டார்கள். பழைய உறையோடு வாங்கிவிட்டுப் பாட்டைக் காணோமே என்று தேடுவது இதனால்தான்.

முதலாவதை ஒரு தடவையாவது கேளுங்கள். வயலின் மெத்தை இல்லாததால் பியானோவில் அவர் இடது கை என்ன செய்கிறது என்பது தெளிவாகக் கேட்கும். 1961-இல் அந்த நெருக்கம் இல்லை, குரலின் முதிர்ச்சி உண்டு.

1953-ஐயும் 1961-ஐயும் குழப்பிக்கொள்பவர்கள் ஹெட்போனில் ஒரு காதை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்றால் மோனோ, அதாவது பழையது. வயலின்கள் பிரிந்து கேட்டால் 1961.

* * *

மேலே சொன்ன காது சோதனை ஒரு இடத்தில் கவிழும். 1960-களில் கேபிடல் நிறுவனம் பழைய மோனோ பதிவுகளை ‘டியோஃபோனிக்’ என்று போலி ஸ்டீரியோவாக்கி விற்றது. ஒரு பக்கத்தில் கனத்த ஒலியைத் தூக்கி, மறுபக்கத்தில் கூர்மையைத் தூக்கி, ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்துவார்கள். அதைக் கேட்டால் பிரிந்த மாதிரிதான் இருக்கும்.

கண்டுபிடிக்க வழி: கருவியில் மோனோ பொத்தானைப் போடுங்கள். உண்மையான ஸ்டீரியோ என்றால் ஒலி நடுவுக்கு வந்து திடமாக நிற்கும். போலி என்றால் குழாய்க்குள்ளிருந்து பாடுவது போலக் குடைந்த ஒலி வரும். தாமதித்த அலையும் தாமதிக்காத அலையும் சேரும்போது சில சுருதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதே காரணம். அப்படி வந்தால் அந்தப் பிரதியை விட்டுவிட்டு மோனோ பிரதி தேடுங்கள்.

வேறொரு காரணத்துக்காக, ஃபில் ஸ்பெக்டரின் 1963 தொகுப்பை (‘எ கிறிஸ்துமஸ் கிஃப்ட் ஃபார் யூ’) மோனோவில்தான் கேட்கவேண்டும். ஒரே சுரத்தைப் பல கிட்டார்களும் பல பியானோக்களும் சேர்ந்து அடித்து, அதை எதிரொலி அறைக்குள் அனுப்பி, மொத்தத்தையும் ஒரே சுவராகக் கட்டிய ஒலி அது. பிரித்தால் சுவர் செங்கல் செங்கலாக உதிர்ந்துவிடும். டார்லீன் லவ் பாடும் ‘கிறிஸ்துமஸ் (பேபி ப்ளீஸ் கம் ஹோம்)’ இரண்டு வடிவிலும் கிடைக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள். தொகுப்பு வெளியான நாள் நவம்பர் 22, கென்னடி சுடப்பட்ட அதே நாள். அந்த வருஷம் அது எடுபடவில்லை.

* * *

பதிவை விட்டுவிட்டுப் பாடுகிறவர்கள் பக்கம் வருகிறேன். ‘சைலண்ட் நைட்’, நம் ‘ஒப்பில்லா திரு இரா’.

பாதிரியார் ஜோசப் மோர் 1816-இல் எழுதிய ஆறு சரணங்களுக்கு, ஃபிரான்ஸ் சேவர் குரூபர் 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபெர்ண்டார்ஃபில் மெட்டமைத்தார். அன்றிரவே இரண்டு ஆண் குரல்களும் ஒரு கிட்டாருமாகப் பாடப்பட்டது. கடைசி வரிகளைப் பாடகர் குழு திருப்பிப் பாடியது. இன்று பாடும் மூன்று சரணங்கள் மூலத்தின் 1, 6, 2.

குரூபரின் சுருதி டி மேஜர், நம் கணக்கில் இரண்டு கட்டை. கூட்டமாகப் பாட இது ஆகாது. ஏன் என்று ஸ்வரத்தில் பார்த்தால் புரியும். பாட்டு ‘ப த ப க’ என்று நடுவில் தொடங்கி, மேல்ஸ்தாயி மத்தியமம் வரை ஏறி, முடிவில் ஆதார ஷட்ஜத்தில் வந்து இறங்குகிறது. ஒரு முழு ஸ்தாயியும் அதற்கு மேல் மூன்று ஸ்வரமும். தொடக்கம் சுகமாக இருப்பதால் ஏமாந்து உயர்ந்த சுருதியில் எடுத்துவிடுவார்கள். கடைசி வரியில் ‘ரி ரி ம ரி’ என்று மேலே எட்டும்போது பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

பெரியவர்களும் பிள்ளைகளும் கலந்த கூட்டத்துக்கு ஆறரைக் கட்டை (பி ஃபிளாட்) சரி. பிள்ளைகள் மட்டும் என்றால் ஒரு கட்டை (சி) வைக்கலாம். ஆறரையில் அவர்களுக்கு அடி ஷட்ஜம் கேட்காது.

அடுத்தது வேகம். இது திஸ்ர நடை, ஆறு எட்டு. தாலாட்டு ஆடவேண்டும். ஒரு தாள அளவுக்கு (‘பார்’) இரண்டு தட்டு என்று வைத்து, மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 44 முதல் 48 தட்டு வையுங்கள். பலர் 36-க்கும் கீழே இழுக்கிறார்கள். அப்போது அந்த உயர்ந்த வரிக்கு மட்டும் ஏழு நொடி மூச்சு தேவைப்படும். பயிற்சி இல்லாதவர்க்குக் காற்று தீர்ந்து சுருதி இறங்கும், பழி ஹார்மோனியத்தின் மேல் விழும்.

ஒரு சின்ன விஷயம். ஆங்கிலத்தில் இரண்டாவது துண்டில் மூன்று அசைதான், முதல் அசையை இரண்டு ஸ்வரத்துக்கு இழுத்தாகவேண்டும். ஜெர்மன் மூலத்தில் நாலு அசை, நாலு ஸ்வரம். தமிழிலும் ‘தி-ரு-இ-ரா’ என்று நாலு. ஆகவே ஆங்கிலப் பதிவைப் பார்த்து ‘திரு’வை ஒரே அசையாகக் குழைக்கவேண்டாம். ‘ப’வில் தி, ‘த’வில் ரு, தனித்தனியாக விழட்டும்.

* * *

அதோடு சேர்த்து ‘ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி’. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் ஒன்பது வாசகங்களும் கீதங்களுமான ஆராதனை 1918-இல் தொடங்கியது. 1919 முதல் இந்தப் பாட்டுதான் திறப்பு. வானொலியில் 1928-இலிருந்து, 1930 தவிர. முதல் சரணம் ஒரு சிறுவனின் தனிக்குரல், இரண்டாவது குழு மட்டும், மூன்றாவதில் ஆர்கனும் சபையும்.

இதைப் பின்பற்றும் குழுக்கள் மாட்டிக்கொள்வது மூன்றாவது சரணத்தில். துணைக்கருவி இல்லாமல் இரண்டு சரணம் போனால் சுருதி கால் ஸ்வரமாவது கீழே வழுக்கும், யாருக்கும் தெரியாது. ஆர்கன் உள்ளே வந்ததும் ஊருக்கே தெரிந்துவிடும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஆர்கன் தனியாக இரண்டு அளவு வாசித்துவிட்டால் காது புதுச் சுருதிக்குப் பழகிவிடும். அசலில் அப்படி இல்லைதான், ஆனால் மானம் பிழைக்கும்.

* * *

பாடகர் குழுவும் இசைக்குழுவும் சேர்ந்த பெரும்படைப்பான ஹேண்டலின் ‘மெசையா’வை யாரும் சொல்லவில்லையே. 1741 ஆகஸ்ட் 22 தொடங்கி செப்டம்பர் 14-க்குள் எழுதி முடித்தார், முதல் நிகழ்ச்சி 1742 ஏப்ரல் 13, டப்ளின். மாதத்தைப் பாருங்கள், இது கிறிஸ்துமஸுக்கு அரங்கேறியதல்ல. பிறப்பைச் சொல்வது முதல் பாகம் மட்டும். ‘அல்லேலூயா’ இரண்டாம் பாகத்தின் முடிவு, இயேசுவின் பாடுகளுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் பிறகு வருவது. டிசம்பர் நிகழ்ச்சிக்கு முதல் பாகத்தோடு அதை ஒட்டவைப்பது வழக்கமாகிவிட்டது, தப்பில்லை.

பதிவில் கிறிஸ்டோபர் ஹாக்வுட் (1980) அல்லது காலின் டேவிஸ் (1966). ஹாக்வுட் பழங்காலக் கருவிகளோடு, 1754 வடிவத்தை எடுத்துக்கொண்டார். எம்மா கெர்க்பியின் குரலில் நடுக்கமே இல்லாத நேர்கோடு. கூடவே கீபோர்டில் வாசித்துப் பழக நினைப்பவர்கள் கவனிக்கவும்: அங்கே ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் அல்ல, 415. கீபோர்டின் டிரான்ஸ்போஸை (சுருதி மாற்றும் அமைப்பு) ஒரு படி, அதாவது அரைச் சுரம், குறைத்தால் சேரும். டேவிஸ் நவீன இசைக்குழு, எதையும் மாற்றவேண்டாம். பீச்சமின் 1959 பதிவில் சிம்பலும் ஹார்ப்பும் எல்லாம் உண்டு, விருந்து வேண்டுமென்றால் கேளுங்கள்.

* * *

‘ஸ்லே ரைட்’ (பனிச்சறுக்கு வண்டிச் சவாரி) வாசிக்கும் பள்ளிக் குழுக்களுக்கு ஒரு குறிப்பு. லெராய் ஆண்டர்சன் 1948-இல் முடித்தது. வரிகள் 1950-இல்தான் சேர்ந்தன, எனவே வெறும் வாத்தியப் பதிவே அசல். வண்டி மணியோசைக்கான சதங்கைக் கட்டையை (மணிகள் பதித்த கைப்பிடி) கிலுகிலுப்பை போல ஆட்டாதீர்கள். போகும்போதும் வரும்போதும் ஒலித்து தாளம் கலங்கும். கட்டையைச் செங்குத்தாக, மணிகள் கீழே தொங்கும்படி ஒரு கையில் பிடித்து, பிடித்த கையின் முஷ்டியை மறு கையால் தட்டவேண்டும். ஒரு தட்டுக்கு ஒரு ஒலி. சாட்டைச் சத்தம், கீல் போட்ட இரண்டு பலகைகள். கடைசியில் வரும் குதிரைக் கனைப்பு டிரம்பெட், வால்வைப் பாதி மட்டும் அழுத்தி வழுக்குவது. முழுதாக அழுத்தினால் குதிரை வராது, வெறும் சுரம்தான் வரும்.

சதங்கை பற்றி இன்னொன்று. 128 கிலோபிட் எம்பி3-யில் அது மணலை இறைத்தது போல ஆகிவிடும். உயர்ந்த அதிர்வுகளைத்தான் அந்த அளவு முதலில் வெட்டும். 256 அல்லது ஃபிளாக் (எதையும் வெட்டாத கோப்பு வடிவம்) வையுங்கள். ‘வாம்’ குழுவின் ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ முழுக்க அந்தச் சதங்கை ஓடுகிறது, சோதிக்க அதையே போட்டுப் பார்க்கலாம்.

* * *

பட்டியல் போடுகிறவர்களுக்கு: மரியா கேரியின் 1994 பாட்டுக்கு (‘ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ’) பிறகு கிங்ஸ் குழுவை வைத்தால் சிறுவனின் தனிக்குரல் கேட்கவே கேட்காது. ஒலியைக் கூட்டுவீர்கள், மூன்றாவது சரணத்தில் ஆர்கன் காதைக் கிழிக்கும். பாட்டுகளின் ஒலி அளவைச் சமன்செய்யும் ரீப்ளேகெயினில் ‘டிராக்’ முறை பாட்டுக்குப் பாட்டுச் சராசரியைச் சமப்படுத்தும், ஒரு பாட்டுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தைத் தொடாது. ஆகவே கோயில் பாட்டுகளைத் தனிப் பட்டியலாகப் பிரித்து, அதற்கு ‘ஆல்பம்’ முறை வையுங்கள்.