ஆழ்கடலில் ஒழுங்காக வரும் கேடிவி சமன்பாடு கரைக்கு வந்ததும் ஏன் சொதப்புகிறது?

நீலத்திரை: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு 2004 சுனாமியை எடுத்திருக்கிறேன். 4000 மீட்டர் ஆழம், 60 செ.மீ. வீச்சு (ஜேசன்-1 செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலில் பதிவு செய்தது ஏறக்குறைய இதுதான்) என்று தொடங்கி, கரை வரைக்கும் ஒரே கேடிவி (கோர்ட்வெக்-டி வ்ரீஸ், ஆழத்தைவிட மிக நீளமான அலைகளுக்கானது) சமன்பாட்டை ஓட்டுகிறேன். 10 மீட்டர் ஆழத்துக்கு வந்த பிறகும் அலை உடையவே மாட்டேன் என்கிறது, வழவழவென்று தனித்தனி மேடாகப் பிரிகிறது. ப்ரோகிராமில் தப்பா, சமன்பாட்டிலேயே தப்பா?

பாய்மம்: ப்ரோகிராமைத் தொடாதீர்கள். வீச்சை ஆழத்தால் வகுத்தால் மிகச் சிறிய எண் வரும் என்று முதலிலேயே வைத்துக்கொண்டதால் பிறந்த சமன்பாடு அது. தொடக்கத்தில் 0.6/4000, அதாவது 0.00015, பிரச்சினையே இல்லை. ஆனால் கிரீன் விதிப்படி (ஆழம் குறையக் குறைய வீச்சு எவ்வளவு ஏறும் என்று சொல்வது) ஆழம் 400 மடங்கு குறையும்போது வீச்சு சுமார் 4.5 மடங்கு ஏறும், 10 மீட்டரில் 2.7 மீட்டர், விகிதம் 0.27. இதைச் சிறியது என்று எப்படிச் சொல்வது? அலை உடைவதும் கேடிவிக்குத் தெரியாது. எவ்வளவு வீச்சு கொடுத்தாலும் ஒரு தனியலையை (வடிவம் மாறாமல் ஓடும் ஒற்றை மேடு) தரும், நிஜத்தில் உயரம் ஆழத்தில் 0.83 பங்கைத் தாண்டினால் தனியலை நிற்காது.

அலைத்தொட்டி: தூரத்தையும் பாருங்கள். முகடு பள்ளத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடும், அந்தக் கொஞ்சம் போகப்போகச் சேரும். அலைநீளம் 200 கி.மீ. என்றால், அதை 0.00015-ஆல் வகுக்க 13 லட்சம் கி.மீ. வருகிறது, அவ்வளவு தூரம் போனால்தான் இந்த வேக வித்தியாசத்தின் விளைவு தெரியும். சுமத்ராவிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 2000 கி.மீ.தான், அதனால் ஆழ்கடலுக்கு நேரியல் சமன்பாடே (வீச்சு எவ்வளவானாலும் அலையின் வேகம் மாறாது என்று கொள்வது) போதும். எங்கள் ஆய்வகத் தொட்டியிலோ 10 செ.மீ. தண்ணீரில் 1 செ.மீ. அலை, சில மீட்டர் போவதற்குள் முகட்டுக்குப் பின்னால் குட்டி முகடு முளைப்பதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

நீலத்திரை: விகிதத்தை ஆழவாரியாகப் போட்டுப் பார்த்தேன், 50 மீட்டரில் 0.036, 20 மீட்டரில் 0.11. அப்படியானால் 50 மீட்டரில் நேரியலற்ற ஆழமற்ற நீர்ச் சமன்பாட்டுக்கு (வீச்சு சிறியது என்று வைத்துக்கொள்ளாதது) மாறிவிடலாமா?

பாய்மம்: தாராளமாக. உடையும் அலையை அது செங்குத்தான ஒரு தாவலாகக் காட்டும், அதனால் ஃபைனைட் வால்யூமில் (கடலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நுழைவதையும் வெளியேறுவதையும் கணக்கிடும் முறை) எழுதுங்கள். அப்புறம், கேடிவி ஒரே திசையில் போகும் அலைக்கு மட்டும்தான், கண்டச் சரிவில் (கரையோரக் கடலடி ஆழ்கடலுக்குச் சரியும் இடம்) பட்டுத் திரும்பும் அலை உங்கள் கணக்கில் வந்திருக்கவே முடியாது. 50 மீட்டரைவிட ஆழமான வெளிப்பகுதிக்கும் இரு திசை நேரியல் சமன்பாட்டையே வையுங்கள், 50 மீட்டர் எல்லையில் நீர்மட்டம், வேகம் இரண்டும் இருபுறமும் பொருந்தட்டும்.