வைகாசியில் ஒரு கிளிக் 43 ரூபாய்: ஏலம் ஏறிவிட்டதா, நான் சொதப்பினேனா?

மாம்பலம் பந்தி:

எல்லோருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில் அப்பாவோடு சேர்ந்து சைவ கேட்டரிங் நடத்துகிறேன். சீமந்தம், கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம், 50 இலையிலிருந்து 400 இலை வரை. அடுப்படி அப்பாவுடையது, பரிமாறும் ஆட்களைப் பார்ப்பது சித்தப்பா, லேப்டாப் மட்டும் என் தலையில்.

மூன்று வருடமாகக் கூகுளில் தேடல் விளம்பரம் போடுகிறேன். யாராவது தேடி நம் விளம்பரத்தைத் தட்டினால்தான் காசு, அந்த விலையை விளம்பரதாரர்களுக்குள் நடக்கும் ஏலம் முடிவு செய்யும். நாளுக்கு 600 ரூபாய் பட்ஜெட். போன வைகாசியில் ஒரு கிளிக் சராசரியாக 24 ரூபாய் ஆனது, அந்த மாதம் 11 ஆர்டர் வந்தது. இந்த வைகாசியில் 412 கிளிக், 17,700 ரூபாய். அதாவது கிளிக்குக் கிட்டத்தட்ட 43. ஆர்டர் வெறும் 4. அதே விளம்பரம், அதே தெரு, அதே சாம்பார்.

இதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். வெளிக் கேட்டரிங்குக்கு நாங்கள் 5 சதவீதம்தான் வசூலிக்கிறோம், அதனால் உள்ளீட்டு வரி வரவு, அதாவது நாங்கள் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, எடுக்க முடியாது. ஆக எனக்கு 43 என்பது 50 ரூபாய் 74 காசு. அப்பாவிடம் இதைச் சொன்னால், 'ஒருத்தன் எட்டிப் பார்க்க அம்பது ரூபாயா? ஒரு காபியும் வடையும் கொடுத்து உட்கார வைத்திருக்கலாமே' என்கிறார்.

இன்னொரு விஷயம். நாள் பட்ஜெட் 600 என்று போட்டிருக்கிறேன். ஒரு புதன்கிழமை 1,140 போயிருக்கிறது. இது சரியா?

ஏல முறையில் ஏதாவது மாற்றினார்களா? ஊரில் எல்லோருக்கும் ஏறியிருக்கிறதா, எனக்கு மட்டும்தானா?

வளசரவாக்கம் பூக்கடை:

முகூர்த்த மாதம் ப்ரோ. மண்டப அலங்காரத்துக்கு நானும் போடுகிறேன், தை, வைகாசி, ஆவணி மூன்றிலும் ஏறத்தான் செய்யும். ஆடி வரட்டும், தானாக இறங்கும்.

மாம்பலம் பந்தி:

வைகாசியோடு வைகாசியை ஒப்பிட்டுத்தானே சொல்கிறேன்.

அண்ணாநகர் கணக்கு:

எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது சார். அமெரிக்காவில் கூகுள் மீது அரசு போட்ட வழக்கில், 2023 செப்டம்பரில் அந்த நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு அதிகாரி ஜெர்ரி டிஷ்லரே சாட்சி சொன்னார்: விளம்பரதாரர்களிடம் சொல்லாமலே ஏலத்தில் விலையை 5 சதவீதம் ஏற்றியது உண்டு, சில தேடல்களுக்கு 10 வரை போயிருக்கலாம் என்று. 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பில், தேடல் சந்தையில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைத் தக்கவைத்திருக்கிறார்கள் என்றே எழுதிவிட்டார். நீங்கள் இங்கே உட்கார்ந்து கீவேர்டை (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொல்லை) திருத்தி என்ன செய்வது?

கிண்டி பழைய கை:

அண்ணாநகர் சார் சொன்னது நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 24-இல் 5 சதவீதம் ஒரு ரூபாய் 20 காசு. 10 சதவீதம் என்றே வைத்தாலும் 26.40. தம்பிக்கு 43 ஆகியிருக்கிறது. மீதி எங்கிருந்து வந்தது?

முதலில் அந்தப் புதன்கிழமை. 2017 அக்டோபரிலிருந்து ஒரு நாளில் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு வரை செலவு செய்ய கூகுளில் வழி உண்டு. மாதக் கணக்கில் 600-ஐ 30.4-ஆல் பெருக்கி வரும் தொகையைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். இரண்டு மடங்கு என்றால் 1,200, உங்கள் 1,140 அதற்குள் அடங்கிவிட்டது. அதை விடுங்கள்.

இப்போது ஏலம். காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவன் கேட்ட விலையைக் கொடுத்தாக வேண்டும். கிளிக் ஏலம் அப்படி இல்லை. நமக்குக் கீழே நிற்பவனை முந்த எவ்வளவு தேவையோ அதைத்தான் எடுப்பார்கள். அதிலும் கேட்ட விலை மட்டும் இல்லை, தரமும் (விளம்பரம் அந்தத் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது) சேர்த்துப் பெருக்குவார்கள். பழைய பாடக் கணக்கில் சொன்னால், கீழே இருப்பவர் 30 ரூபாய் கேட்கிறார், அவருடைய தரம் 6. பெருக்கினால் 180. உங்கள் தரம் 9 என்றால் 20 ரூபாய் சொச்சத்தில் அவரை முந்தலாம். உங்கள் தரம் 4 ஆக விழுந்துவிட்டால் அதே இடத்துக்கு 45. இன்று இதில் இன்னும் நிறைய சேர்ந்திருக்கிறது, ஆனால் எலும்புக்கூடு இதுதான். ஆகவே யாரும் விலையை ஏற்றாமலே உங்கள் விலை ஏறலாம்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் தேடல் பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு வரிசை விளம்பரம் இருக்கும். ஏழாவது, எட்டாவது இடத்தில் சிக்கனமாகப் பிழைத்த சின்னக் கடைகள் ஏராளம். 2016 பிப்ரவரியில் கணினித் திரையில் அந்த ஓரத்தை எடுத்துவிட்டார்கள். எல்லோரும் மேலே ஏறி நாலு இடத்துக்கு முட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்புறம் சொற்கள். கீவேர்டுக்கு முன்னால் பிளஸ் குறி போட்டு எழுதுவோம், ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சொல் தேடலில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பொருள். 2021-இல் அதை ஃப்ரேஸ் மேட்ச்சோடு (நம் சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடல்களுக்குக் காட்டும் முறை) கரைத்துவிட்டார்கள். அச்சாக அதே தேடலுக்கு மட்டும் என்றிருந்த எக்ஸாக்ட் மேட்ச்சும் இப்போது பெயரளவுக்குத்தான். 2018-லிருந்து அதே பொருள் தரும் வேறு தேடல்களுக்கும் காட்டும். நான் பிளஸ் குறிக்கு இன்னும் துக்கம் காக்கிறவன், அதை மன்னித்துவிடுங்கள்.

வேலி இப்படி அகலமாகும்போது நாம் நம் ஏலத்தில் மட்டும் நிற்பதில்லை, பக்கத்து ஏலத்திலும் போய் நிற்கிறோம். அங்கே யார் எவ்வளவு பணத்தோடு வந்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. தம்பி, சர்ச் டெர்ம்ஸ் அறிக்கையைத் திறங்கள். கீவேர்டுப் பட்டியல் வேண்டாம், ஆட்கள் நிஜமாகத் தட்டிய சொற்கள் வேண்டும். கிளிக் விலையோடு இங்கே போடுங்கள்.

மாம்பலம் பந்தி:

அண்ணா, போட்டேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

'வெஜ் கேட்டரிங் வெஸ்ட் மாம்பலம்', 'சீமந்தம் கேட்டரிங் சென்னை' மாதிரி நம்ம வகைத் தேடல்கள்: 190 கிளிக், சராசரி 27 ரூபாய்.

'கேட்டரிங் காலேஜ் இன் சென்னை', 'கேட்டரிங் படிப்பு ஃபீஸ்', 'பிளஸ் டூ முடித்து கேட்டரிங்': 131 கிளிக், சராசரி 71 ரூபாய்.

மீதி 91-இல் பாத்திரம் வாடகை, பார்ட் டைம் சப்ளையர் வேலை, மட்டன் பிரியாணி ஆர்டர் (நாங்கள் வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைப்பவர்கள்). கொஞ்சம் எதுவென்றே காட்டவில்லை.

இப்போதுதான் புரிகிறது. மே மாதம் முழுக்க அப்பா போனில் யாரிடமோ 'இங்கே அட்மிஷன் எல்லாம் இல்லப்பா, சாப்பாடுதான்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். ராங் நம்பர் என்று நினைத்தேன். ஒரு பையனிடம், 'சமையல் கத்துக்கணும்னா காலை நாலு மணிக்கு வா, தேங்காய் துருவு, ஃபீஸ் வேண்டாம்' என்றுகூடச் சொன்னார்.

ஏப்ரல் கடைசியில் விளம்பரக் கணக்கில் கூகுள் தரும் பரிந்துரைகள் பக்கத்தில் மதிப்பெண் 61 என்று காட்டியது. பள்ளியிலேயே 61 வாங்கினால் தூக்கம் வராத ஆள் நான். இருந்த எல்லாவற்றுக்கும் 'ஏற்றுக்கொள்' தட்டி 98 ஆக்கினேன். அதில் பிராட் மேட்ச்சும் (கீவேர்டோடு ஏதோ ஒரு தொடர்புள்ள தேடலுக்கெல்லாம் காட்டும் முறை) இருந்திருக்கிறது, எவ்வளவு கேட்பது என்பதை மிஷினிடம் விடும் ஏல முறைக்கு மாறுவதும் இருந்திருக்கிறது. படிக்கவே இல்லை.

கிண்டி பழைய கை:

அந்த மதிப்பெண் உங்கள் வியாபாரத்துக்குப் போட்டது இல்லை தம்பி, அமைப்புகளுக்குப் போட்டது. தரக் கணக்கோடும் அதற்குச் சம்பந்தம் இல்லை. 61-இல் நிம்மதியாக ஓடும் கணக்குகள் என்னிடம் உண்டு.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு காலேஜ்காரர்கள் பெட்டியைத் திறந்து கொட்டுவார்கள். ஒரு அட்மிஷன் அவர்களுக்கு லட்சக்கணக்கில். நீங்கள் 50 இலைச் சாப்பாட்டுக்காக அவர்களோடு போட்டிக்கு நின்றிருக்கிறீர்கள். உங்கள் சொந்த ஏலத்தில் ஏறியது 24-லிருந்து 27, மூன்றே ரூபாய்.

காட்டாத தேடல்கள் பற்றி: 2020 செப்டம்பரிலிருந்து கணிசமான எண்ணிக்கையில் ஆட்கள் தேடிய சொற்களைத்தான் அறிக்கையில் காட்டுகிறார்கள். காசு போகும், சொல் தெரியாது. இதில் எனக்கும் கோபம்தான், ஆனால் வழியில்லை.

தாம்பரம் லேடி:

ஒன்று விட்டுப்போயிற்று. கன்வர்ஷன், அதாவது விளம்பரம் பலித்தது என்று எதை எண்ண வைத்திருக்கிறீர்கள்? போன் பட்டனைத் தொட்டாலே ஒன்று என்றா? அப்படியென்றால் காலேஜ் பையன் அப்பாவைக் கூப்பிட்டதும் கணக்கில் வெற்றி. மிஷின் 'ஆஹா, இவர்களுக்கு இந்தப் பிள்ளைகள்தான் வேண்டும்' என்று கற்றுக்கொண்டு, அடுத்த பையனுக்கு இன்னும் கூட்டிக் கேட்டிருக்கும். நான் டெய்லரிங் யூனிட்டுக்கு இதே தப்பைச் செய்து, தையல் கிளாஸ் தேடுபவர்களுக்கு இரண்டு மாதம் சம்பாதித்ததைக் கொடுத்தேன்.

குறைந்தது ஒரு நிமிடம் பேசிய அழைப்பை மட்டும் எண்ணுங்கள். அதுவரை மேக்ஸிமைஸ் கிளிக்ஸுக்கு (பட்ஜெட்டுக்குள் முடிந்தவரை அதிகக் கிளிக் எடுக்கும் ஏல முறை) திரும்பி, கிளிக்குக்கு உச்ச விலை 32 என்று கட்டிவிடுங்கள். நெகட்டிவ் (இந்தச் சொல் இருந்தால் காட்டாதே என்று கொடுக்கும் பட்டியல்) போடும்போது காலேஜ், காலேஜஸ், கோர்ஸ், கோர்சஸ் எல்லாம் தனித்தனியாகப் போடணும். ஒருமை போட்டால் பன்மை தானாக அடங்காது. தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை.

மாம்பலம் பந்தி:

ஆமாம் மேடம், பட்டனைத் தொட்டாலே ஒன்று என்றுதான் இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பிராட் மேட்ச் எடுத்தாயிற்று, நெகட்டிவ் 64 சொல். சராசரி 28-க்கு வந்துவிட்டது, 2 ஆர்டர் உறுதி, ஒன்று பேச்சில் இருக்கிறது. மதிப்பெண் 57. அட்மிஷன் கேட்டு நேற்று ஒரே ஒரு போன். நான்தான் எடுத்தேன்.

ஆடி வரப்போகிறது. அந்த ஒரு மாதம் கேம்பைனை நிறுத்தி வைக்கலாமா?

தாம்பரம் லேடி:

நிறுத்தாதீர்கள். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடி பாதியிலேயே ஆள் தேட ஆரம்பிப்பார்கள். 600-ஐ 250 ஆக்கி ஓட விடுங்கள், ஆடிப் பதினெட்டு தாண்டியதும் ஏற்றுங்கள்.