வெஜிமைட்டா மார்மைட்டா? ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றவங்க வாங்க

மெல்போர்ன் மாறன்:
வெஜிமைட், மார்மைட் ரெண்டுமே ஈஸ்ட்ல இருந்து செய்யுற, ரொட்டில தடவுற கருப்பு பசை. இங்க வந்து முதல் தடவ வெஜிமைட் சாப்பிட்ட நம்மாளுங்க முக்காவாசிப் பேர் ஒரே உப்பு, ஒரே கசப்புன்னு பாட்டில ஓரமா வச்சிடுறாங்க, அப்புறம் வெஜிமைட், மார்மைட் எல்லாம் ஒரே குப்பைன்னு எழுதுறாங்க. ஜாம் தடவுற அளவுக்குத் தடவினா கசக்கத்தான் செய்யும். ரொட்டிய நல்லா முறுகலா டோஸ்ட் பண்ணி, சூடா இருக்கும்போதே வெண்ணெய தாராளமா போட்டு, அது உருகினதுக்கு அப்புறம் கத்தி முனைல கொஞ்சூண்டு வெஜிமைட் எடுத்து ரொட்டி நிறம் தெரியுற மாதிரி இழுத்து விடணும், அவ்ளோதான். மேல அவகாடோ இல்லன்னா சீஸ் வச்சா இன்னும் நல்லாருக்கும். 1922ல இதே மெல்போர்ன்ல சிரில் காலிஸ்டர்ங்கிற கெமிஸ்ட் உருவாக்கினது, 1923ல கடைக்கு வந்துச்சு. ரொட்டிக்கு இத மிஞ்ச ஒண்ணும் கிடையாது, இதுல நான் யார்கிட்டயும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

லண்டன் வதனி:
தம்பி, காலிஸ்டர் அதைச் செய்ததே மார்மைட்டைப் பாத்துத்தானே. முதலாம் உலகப்போராலை இங்கிலாந்திலை இருந்து மார்மைட் ஒழுங்கா வரேல்லை, அதுக்குப் பதிலா ஒண்டு வேணும் எண்டு செய்தது. மார்மைட் 1902லேயே பேர்ட்டன் எண்ட ஊரிலை தொடங்கினது, பக்கத்திலை இருந்த பியர் ஆலையிலை மிஞ்சின ஈஸ்டிலை இருந்து. அதுசரி, ஏன் எல்லாரும் பாணிலை பூசுறதைப் பற்றி மட்டும் கதைக்கிறியள்? இலங்கையிலை எங்கடை வீட்டிலை அரைத் தேக்கரண்டி மார்மைட்டை சுடுதண்ணியிலை கரைச்சு, தேசிக்காய் புளி விட்டு, மிளகுத்தூள் போட்டுக் குடிக்கிறது. காய்ச்சல் விட்டு வாய் கைச்சுக் கிடக்கேக்கை அதைப்போல ஒண்டும் இல்லை. 1934, 35லை மலேரியா வந்து சனம் செத்தபோது வெள்ளைக்காரன்ரை ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்து ஆக்கள் ஊர் ஊராப் போய் சத்துக்குறைவுக்குக் குடுத்ததும் மார்மைட்தான். உங்கடை வெஜிமைட் கட்டியாக் கிடக்கும், கரைக்கிறதுக்குள்ளை தண்ணி ஆறிப்போயிடும்.

ஈப்போ சரவணன்:
வதனி அக்கா சொல்றது சரிதான் லா, மார்மைட் இளகி ஓடுறதாலதான் அது சமையலுக்கு ஆகுது. எங்க மலேசியாவுல காலைல பசியாற வெள்ளைக் கஞ்சில ஒரு சொட்டு மார்மைட் விட்டு பிள்ளைங்களுக்குக் குடுப்பாங்க. சீனர் கடைக்குப் போனா மார்மைட் சிக்கன், மார்மைட் நண்டுன்னு தனியாவே இருக்கும். பொரிச்ச கோழிய மார்மைட், தேன், கொஞ்சம் கிச்சாப் (சோயா சாஸ்) கலந்த சாஸ்ல போட்டு பிரட்டி எடுக்கிறது, உப்பே போடத் தேவையில்ல. வெறும் ரொட்டில தடவி வச்சுக்கிட்டு இது பெருசு அது பெருசுன்னு சண்ட போடுறது எனக்குப் புரியல.

ஆக்லாந்து செல்வி:
எங்க நியூசிலாந்து மார்மைட்ட எல்லாரும் மறந்துட்டீங்க. பேர்தான் ஒண்ணு, கம்பெனி வேற, ருசியும் வேற, சர்க்கரை சேர்க்கறதால கசப்பு கம்மி. 2011 கிரைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்துல ஃபேக்டரி கட்டடம் அடிவாங்கி மூடிட்டாங்க, 2012 மார்ச்ல கடைகள்ல சரக்கு தீந்துபோச்சு, திரும்ப வர 2013 மார்ச் ஆச்சு. அந்த ஒரு வருஷம் வெஜிமைட் கடைகள்ல நிறைய இருந்துச்சு, ஆனா ஜனங்க மார்மைட்டுக்குத்தான் காத்திருந்தாங்க. ரெண்டு ரொட்டிக்கு நடுவுல மார்மைட் தடவி உருளைக்கிழங்கு சிப்ஸ் நொறுக்கி வச்சு சாப்பிட்டுப் பாருங்க மாறன், அப்புறம் பேசலாம்.

கோவை கௌரி:
ருசி இருக்கட்டுங்க, நான் கேக்க வந்தது வேற. நாங்க சைவம், அம்மாவுக்கு பி12 வைட்டமின் கம்மின்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஈஸ்ட்ல பி12 நிறைய இருக்குன்னு சொல்றாங்களே, ரெண்டுல எத வாங்கறது?

மெல்போர்ன் மாறன்:
ரெண்டுலயுமே பி வைட்டமின் இருக்குங்க, வெஜிமைட்ல பி1, பி2, பி3, ஃபோலேட் (அதுவும் ஒரு பி வைட்டமின்தான்) எல்லாம் இருக்கு.

வார்டு நர்ஸ்:
மாறன் சார், நீங்க சொன்ன பட்டியல்ல அவங்க கேட்ட பி12 இல்லயே. வழக்கமான வெஜிமைட்ல பி12 கிடையாது, உப்பு குறைச்ச வகைலதான் சேர்க்கறாங்க. இங்கிலாந்து மார்மைட்ல இருக்கற பி12கூட ஈஸ்ட்ல இருந்து தானா வர்றது இல்ல, தனியா சேர்க்கறது. கௌரி, உங்க ஊருக்குப் பக்கத்துக் கதை ஒண்ணு இருக்கு. லூசி வில்ஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் 1928ல பம்பாய் வந்து கர்ப்பிணிகளுக்கு வர்ற ரத்தசோகைய ஆராய்ச்சி பண்ணாங்க, அப்புறம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்லயும், சென்னை கோஷா ஆஸ்பத்திரிலயும் வேலை செஞ்சாங்க. அந்தப் பொண்ணுங்களுக்கு மார்மைட் குடுத்தா ரத்தம் ஊறுச்சு. அதுல வேலை செஞ்சது ஃபோலேட்னு பிறகுதான் தெரிஞ்சது. ஆனா அதே ஃபோலேட்ட நிறைய எடுத்துக்கிட்டு பி12 குறைவா இருந்தா, ரத்தம் சரியான மாதிரி காட்டும், நரம்பு பாதிப்பு உள்ள போய்க்கிட்டே இருக்கும். அதனால அம்மாவுக்கு டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரையோ ஊசியோ நிறுத்தவே கூடாது. இன்னொண்ணு, எம்.ஏ.ஓ. இன்ஹிபிட்டர்னு மன அழுத்தத்துக்குக் குடுக்கற சில மாத்திரை சாப்பிடறவங்க இந்த ரெண்டையும் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் சட்டுனு ஏறிடும்.

லண்டன் வதனி:
சேர்த்த பி12 எண்டாலும் உடம்புக்குப் போறது போறதுதானே தங்கச்சி. மருந்தோடை சேர்த்து மார்மைட்டும் குடுக்கட்டும்.

மெல்போர்ன் மாறன்:
உப்பையும் சொல்லுங்க அக்கா. மார்மைட்ல 100 கிராமுக்கு கிட்டத்தட்ட 11 கிராம் உப்பு, வெஜிமைட்ல சுமார் 8. நீங்க அரைக் கரண்டி கரைச்சுக் குடிக்கறீங்க, நான் கத்தி முனைல தடவறேன். பிரஷர் இருக்கற அம்மாவுக்கு எது நல்லது?

லண்டன் வதனி:
அரைத் தேக்கரண்டியிலை ரெண்டு மூண்டு கிராம் மார்மைட்தான் வரும், அதிலை உப்பு அரைக் கிராமும் இல்லை. ஒரு அப்பளத்தோடை ஊறுகாய் தொட்டா அதைவிடக் கூட. சூப்பிலை போட்டால் வேறை உப்பே போடத் தேவையில்லை, சரவணனும் அதைத்தானே சொல்லுறார்.

கோவை கௌரி:
நர்ஸ் மேடம் ரொம்ப நன்றிங்க, ஊசி தொடர்ந்து போடறோம். சரவணண்ணே, அந்தக் கஞ்சி எப்படி வைக்கறீங்க?

ஈப்போ சரவணன்:
பச்சரிசி ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு தண்ணி, குழைய விடுங்க. உப்பு போடாதீங்க. இறக்கி கிண்ணத்துல ஊத்தினதுக்கு அப்புறம்தான் கால் டீஸ்பூன் மார்மைட், மேல நல்லெண்ணெய் கொஞ்சம், பொடியா நறுக்கின இஞ்சி. மாறன் அண்ணே, நீங்களும் வெஜிமைட் போட்டு வச்சுப் பாருங்க, கரையலன்னா இங்க வந்து சொல்லணும்.

மெல்போர்ன் மாறன்:
முதல்ல கொஞ்சம் சூடான கஞ்சித் தண்ணில குழைச்சிட்டு ஊத்தினா தாராளமா கரையும். சனிக்கிழமை வச்சிட்டு சொல்றேன். ஆனா ரொட்டிக்கு வெஜிமைட்தான்.