பிழையான ரைபோசோம் ஆர்என்ஏவைச் செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வி:
செல்லில் உள்ள ஆர்என்ஏவில் சுமார் 80 சதவீதம் ரைபோசோமுடையது (புரதம் செய்யும் பொறி). இவ்வளவு தயாராகும்போது சிலது கோணலாகத்தானே வரும், அதைச் செல் எப்படிப் பிடிக்கிறது? சிறு ஆர்என்ஏக்கள் தூது ஆர்என்ஏவை அடக்கும் என்று மட்டும்தான் படித்திருக்கிறேன்.

பதில் 1:
சி. எலிகன்ஸ் புழுவில் இதை விவரமாகப் பார்த்திருக்கிறார்கள். பிழையான ஆர்என்ஏவின் வால் பக்கத்தில் (3' முனை) வரிசையாக யூரிடின்களை, அதாவது U எழுத்துகளை, ஒட்டிவிடுகிறது செல், குப்பைக்குச் சீட்டு ஒட்டுவது மாதிரி. சூசி-1 என்ற நொதி (நம்மிடம் டிஸ்3எல்2) அந்த வாலிலிருந்து தொடங்கிக் கடித்துத் தீர்த்துவிடும். சூசி-1 பழுதானால் குப்பை சேரும். அப்போது ஆர்என்ஏவைப் பார்த்தே ஆர்என்ஏ எழுதும் பாலிமரேஸ் நொதிகள், அந்தக் குப்பையோடு ஜோடி சேரக்கூடிய, 22 எழுத்து நீள எதிரிழைச் சிறு ஆர்என்ஏக்களை உருவாக்குகின்றன.

பதில் 2:
மீதி சுவாரசியம் அப்புறம்தான். என்ஆர்டிஇ-3 என்ற ஆர்கோனாட் புரதம் (சிறு ஆர்என்ஏவைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பொருந்தும் ஆர்என்ஏவைத் தேடும் வகை) அந்தச் சிறு ஆர்என்ஏக்களைச் சுமந்துகொண்டு உட்கருவுக்குள் போகிறது, அங்கே முன்னோடி ரைபோசோம் ஆர்என்ஏவின், அதாவது இன்னும் வெட்டிச் சீராக்காத வடிவத்தின், அளவு இறங்குகிறது.

கேள்வி கேட்டவர்:
சரி, நல்ல ரைபோசோம் ஆர்என்ஏவும் சேர்ந்து அடங்கிவிடாதா?

பதில் 2:
அடங்கும். எழுத்து வரிசை ஒன்றுதானே, பிரித்துப் பார்க்க வழியில்லை. அதனால் இதைத் தனித்தனியாகப் பொறுக்குவது என்று நினைக்காதீர்கள், உற்பத்தியையே குறைப்பது. குளிரிலும் புற ஊதாக் கதிரிலும்கூட இந்தச் சிறு ஆர்என்ஏக்கள் கூடுகின்றன.